கறவை மாட்டின் வயிற்றில் 52 கிலோ பிளாஸ்டிக்!

பூந்தமல்லி – ஆவடி சாலையில் இருக்கிறது சென்னீர்குப்பம். இந்த வட்டாரத்தில் வயல்கள் மனைகளாகி, மேய்ச்சல் நிலம் சுருங்கிவிட்டது. ஆனாலும், பால் மாட்டை நம்பிப் பிழைக்கும் குடும்பங்கள் இன்னும் உண்டு. கறந்ததும் அவிழ்த்துவிடும் மாடு, புல் இல்லாத தெருவில் குப்பைத் தொட்டியைத்தான் தேடிப் போகும்.

அதன் விளைவை, இதே மேற்குப் புறநகரில் உள்ள திருமுல்லைவாயலைச் சேர்ந்த ஒரு பசு காட்டியது. கன்று ஈன்ற சில நாட்களில் பால் குறைந்து, வலி தாங்காமல் தன் வயிற்றையே உதைத்துக்கொண்டது அந்தப் பசு. 2019 அக்டோபரில், தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழக மருத்துவர்கள் சென்னையில் அதற்கு அறுவை சிகிச்சை செய்தார்கள். ஐந்து மணி நேரத்துக்கும் மேல் நடந்த சிகிச்சையில் வெளியே வந்த பிளாஸ்டிக், 52 கிலோ. ஒரு சிமென்ட் மூட்டையைவிட அதிகம்!

தடை வந்தது, பழக்கம் போகவில்லை

ஒருமுறை பயன்படுத்தி வீசும் பிளாஸ்டிக் பொருட்களுக்கு அதே ஆண்டு ஜனவரி 1 முதல் தமிழகத்தில் தடை. 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கமும் வந்தது. ‘பிளாஸ்டிக் கெடுதல்’ என்பது இன்று எல்லோருக்கும் தெரியும். ஆனாலும், மிஞ்சிய சோற்றை கேரி பேக்கில் போட்டு, முடிச்சுப் போட்டு வீசுகிறோம். மாட்டுக்கு முடிச்சை அவிழ்க்கத் தெரியாது. சோற்று வாசனைக்குப் பையோடு விழுங்கிவிடும்.

மாடு அவசரமாக விழுங்கி, பிறகு அசைபோடும் பிராணி. உள்ளே போன பிளாஸ்டிக் செரிக்காமல், அசையூண் வயிற்றில் பந்தாகத் திரண்டு இடத்தை அடைத்துக்கொள்ளும். தீவனம் எடுப்பது குறையும், அசைபோடாது, இடப்பக்க வயிறு உப்பும், பால் இறங்கும். பிளாஸ்டிக்கைக் கரைக்க மருந்து கிடையாது. முற்றினால் அறுவை சிகிச்சைதான். எனவே, அறிகுறி தெரிந்ததும் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

செய்ய வேண்டியவை

* காய்த்தோல், மிஞ்சிய உணவை வாளியில் சேர்த்து எருக்குழியில் கொட்டுங்கள். சோற்றை மாட்டுக்கு அதிகம் வைத்தால் வயிற்றில் அமிலம் கூடும்.

* துணி, பிளாஸ்டிக்கை மெல்லும் மாட்டுக்குத் தாது உப்புக் குறைபாடு இருக்கலாம். கறவை மாட்டுக்குத் தினம் 50 கிராம் தாது உப்புக் கலவை கொடுங்கள்.

* கொஞ்சம் இடம், தண்ணீர் இருந்தால் கம்பு நேப்பியர் ஒட்டுப்புல் நடுங்கள். முதல் அறுவடைக்குப் பின் 45 நாளுக்கு ஒருமுறை அறுக்கலாம். மாடு தெருவுக்குப் போக வேண்டியதில்லை.

* உர மூட்டையின் உள்பை, விதை பாக்கெட், சணல் போன்ற பிளாஸ்டிக் கயிறு ஆகியவற்றை வரப்பில் விடாதீர்கள், எரிக்கவும் வேண்டாம். தனியாகச் சேர்த்துத் தூய்மைக் காவலரிடம் கொடுங்கள்.

ஊரார் வீசும் பையைக் குறை சொல்லும் முன், நம் வீட்டுப் பையின் முடிச்சை நாமே அவிழ்ப்போம்.