இறால் குளத்தில் புகுந்த எமன்!

குளத்தில் குஞ்சு விட்டு 20 நாள் ஆகிறது. இறால் நன்றாக மேய்கிறது; துள்ளுகிறது. இன்னும் இரண்டு, மூன்று மாதம் போனால் அறுவடை. கடனை அடைக்கலாம். பிள்ளைகளின் படிப்புச் செலவைப் பார்க்கலாம்.

திடீரென்று ஒரு நாள் இறால் தீனி எடுக்க மறுக்கிறது. ஓடு மெத்தென்று ஆகிறது. குடல் காலி! செத்த இறால் மிதப்பதுகூட இல்லை. குளத்தின் அடியில் போய்ப் படிந்துவிடுகிறது. சில நாட்களில் குளமே காலி!

2009-ம் ஆண்டு வாக்கில் சீனாவில் தலை காட்டிய நோய் இது. 2010-ல் வியட்நாம், 2011-ல் மலேசியா, 2012-ல் தாய்லாந்து என்று நாடு நாடாகத் தாவியது. 2013-ல் கடல் கடந்து மெக்சிகோவுக்கும் போய்விட்டது. தாய்லாந்தில் 2011-ல் சுமார் 6 லட்சம் டன் இறால் விளைந்தது. இரண்டே ஆண்டுகளில் அது ஏறக்குறைய பாதியாக இறங்கிவிட்டது.

குஞ்சுப் பருவத்திலேயே சாவதால், இதற்கு “இளம் பருவச் சாவு நோய்” என்று பெயர் வந்தது.

குற்றவாளி யார்?

“வைரஸ்தான் காரணம்” என்றார்கள் சிலர். “தண்ணீரில் விஷம்” என்றார்கள் வேறு சிலர்.

அமெரிக்காவில் அரிசோனா பல்கலைக்கழகத்தில் டொனால்ட் லைட்னர் என்ற பேராசிரியர் துப்புத் துலக்கினார். அவரிடம் படித்த வியட்நாம் மாணவர் லாக் டிரானும் இந்த ஆராய்ச்சியில் முன்னின்றார்.

செத்த இறாலைப் பனிக்கட்டி போல் உறைய வைத்துக் கொண்டுவந்து, நல்ல இறாலுக்குத் தின்னக் கொடுத்தார்கள். நோய் தொற்றவில்லை! உறைந்தபோதே குற்றவாளி செத்துப் போயிருந்தது. பிறகு வியட்நாமிலேயே, நோயுற்ற இறாலிலிருந்து உயிருள்ள கிருமியைப் பிரித்து வளர்த்தார்கள். அதைத் தண்ணீரில் கலந்து, நல்ல இறாலை அதில் விட்டார்கள். இறால் அதே நோயால் செத்தது. 2013-ல் குற்றவாளி பிடிபட்டது!

சாதுவின் கையில் கத்தி

அதன் பெயர் விப்ரியோ பாராஹீமோலிட்டிகஸ். பெயர்தான் நீளம், உருவமோ கண்ணுக்குத் தெரியாது. காலராக் கிருமியும் இதே குடும்பம்தான்.

விஞ்ஞானிகளுக்கு இது பழைய ஆசாமி. 1950-ல் ஜப்பானில் ஒசாகா நகரில், அரைகுறையாக உலர்ந்த சிறு மீன்களைத் தின்ற 272 பேர் நோயில் விழுந்தார்கள். 20 பேர் இறந்தார்கள். அப்போது புஜினோ என்ற மருத்துவ விஞ்ஞானி கண்டுபிடித்த கிருமிதான் இது.

கடலோரத் தண்ணீரில் இது சர்வ சாதாரணம். பெரும்பாலானவை யாருக்கும் தீங்கு செய்வதில்லை. அப்படியானால் இறாலை மட்டும் ஏன் கொன்றது?

விடை 2015-ல் கிடைத்தது. இந்தக் கிருமிகளில் ஒரு கூட்டத்திடம் மட்டும் “பிளாஸ்மிட்” என்ற சிறு வளையம் இருந்ததைத் தைவான் விஞ்ஞானிகள் கண்டார்கள். இரண்டு விஷங்களைத் தயாரிக்கும் குறிப்பு அந்த வளையத்தில் இருந்தது. பூச்சிகளைக் கொல்லும் ஒருவகைக் கிருமியின் விஷத்தைப் போன்றவை அவை! விஷக் குறிப்பை நீக்கிவிட்டுச் சோதித்தார்கள். இறாலுக்கு நோய் வரவில்லை. கத்தியைப் பிடுங்கியதும் கிருமி மறுபடி சாதுவாகிவிட்டது!

நமக்குக் கல்லீரலும் கணையமும் தனித்தனி. இறாலுக்கு இரண்டு வேலையையும் ஒரே உறுப்பு செய்கிறது. கிருமி இறாலின் வயிற்றில் குடியேறி விஷத்தைக் கக்குகிறது. விஷம் அந்த உறுப்பைச் சிதைக்கிறது. அது வெளுத்துச் சுருங்குகிறது. பிறகு இறால் பிழைப்பது அரிது.

சுத்தம் சோறு போடவில்லை!

“சுத்தம் சோறு போடும்” என்பது நம் பழமொழி. இறால் குளத்தில் அது தலைகீழாகிவிட்டது!

1990-களில் வெள்ளைப் புள்ளி நோய் என்ற வைரஸ் நோய் ஆசியப் பண்ணைகளை அழித்தது. சூடுபட்ட பண்ணைக்காரர்கள், குஞ்சு விடும் முன் குளோரின் போட்டுத் தண்ணீரைக் கழுவினார்கள். கெட்டது செத்தது, நல்லதும் செத்தது.

வெறும் வயலில் முதலில் முளைப்பது எது? களைதான்! குளத்திலும் அப்படியே. வசதி கிடைத்தால் இந்தக் கிருமி சுமார் 10 நிமிடத்தில் ஒன்று இரண்டாகும். அந்தக் கணக்கில் ஒரு மணி நேரத்தில் ஒன்று 64 ஆகிவிடும். போட்டிக்கு ஆள் இல்லாத குளம் அதற்குச் சொந்த வீடு. பெல்ஜியம் நாட்டுக் கெண்ட் பல்கலைக்கழக விஞ்ஞானிகள் 2014-ல் இந்த எச்சரிக்கையை விடுத்தார்கள்.

மருந்து போட்டால் போகாதா? ஆன்டிபயாடிக் மருந்தைக் கொட்டினால், அதற்கு அஞ்சாத கிருமிகளே மிஞ்சும். இறாலில் மருந்து தங்கினால் வெளிநாட்டார் சரக்கைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். இரட்டை நஷ்டம்!

நல்லதுக்கு முதல் இடம்

ஆகவே பண்ணைக்காரர்கள் வழியை மாற்றிக்கொண்டார்கள். குஞ்சுகளைச் சோதித்து, நோயற்றவற்றையே வாங்குகிறார்கள். அவற்றைச் சிறு தொட்டியில் சில வாரம் வளர்த்த பிறகே குளத்தில் விடுகிறார்கள். குஞ்சு வருமுன் நல்ல கிருமிகளைத் தண்ணீரில் குடியேற்றுகிறார்கள். மிச்சத் தீனியையும் கழிவையும் அடிக்கடி வெளியேற்றுகிறார்கள். வியட்நாமில் திலேப்பியா வளர்த்த தண்ணீரையும் பயன்படுத்துகிறார்கள். நம் ஊர் ஜிலேபிக் கெண்டைதான் அது!

வீட்டில் இறால் சமைக்கும் தாய்மார்கள் பயப்பட வேண்டியதில்லை. இறாலைக் கொல்லும் இந்த விஷத்தால் மனிதருக்கு நோய் வந்ததாகத் தெரியவில்லை. ஆனால் ஒசாகாவில் ஆளைக் கொன்ற உறவுக் கிருமிகளும் கடலில் உண்டு. எனவே இறாலை நன்றாக வேகவையுங்கள். பச்சை இறாலை வெட்டிய பலகையைக் கழுவாமல் காய்கறி நறுக்க வேண்டாம்.

எல்லாக் கிருமியும் எதிரி அல்ல. நல்லது நாலு குடியிருந்தால்தான் கெட்டதற்கு இடம் இருக்காது. பல குளங்களைப் பறிகொடுத்த பிறகு பண்ணைக்காரர்கள் கற்ற பாடம் இது!