விளையாட்டுக் கம்ப்யூட்டரின் ஆயுட்காலம்

புதிதாக வாங்கிய மோட்டார் பம்பு, தேய்மானம் அடையும் வரையில், முதல் நாள் இறைத்த அளவு நீரையே இறைத்து வரும். விளையாட்டுக்கெனத் தனித்தனி உறுப்புகளை வாங்கிப் பொருத்தி அமைக்கப்படும் கம்ப்யூட்டரின் நிலைமை வேறு. அதன் உறுப்புகளில் ஒன்றுமே தேயாதிருக்கும்போதே அது 'பழையது' ஆகிவிடுகிறது. யந்திரத்தின் வேகம் குறைவதில்லை. அதனிடம் ஒப்படைக்கப்படும் வேலையே ஆண்டுதோறும் பெருகுகிறது. ஒரு குடும்பத்தின் பல மாதச் சேமிப்பை விழுங்கக்கூடிய இச்சாதனம் எத்தனை ஆண்டுகளுக்குப் பயன்படும் என்ற கேள்வி, ஆகவே, விளையாட்டான கேள்வியன்று.

வேலை என்பது யாது? காட்சி தடையின்றி ஓடுவதுபோல் தோன்றுவதற்கு வினாடிக்கு 60 படங்கள் வரையப்பட வேண்டும் எனக் கொள்வோம். ஒரு படத்துக்குக் கிடைக்கும் அவகாசம் ஏறத்தாழ 16.7 மில்லிவினாடி. அகலத்தில் 1,920 புள்ளிகளும் உயரத்தில் 1,080 புள்ளிகளும் கொண்ட திரையில் மொத்தம் 20,73,600 புள்ளிகள் உள்ளன. அகலம் 3,840, உயரம் 2,160 என்ற பெரிய அளவில் இத்தொகை 82,94,400 ஆகும். அதாவது நான்கு மடங்கு. முதல் திரைக்கு ஆறு ஆண்டுகள் ஈடுகொடுக்கும் கம்ப்யூட்டர், இரண்டாவது திரைக்கு வாங்கிய அன்றே போதாமற் போகலாம். எந்தத் திரைக்கு என்பதைச் சொல்லாமல் ஆயுளைக் கேட்பவருக்கு விடை கூற இயலாது.

முற்காலத்தில் இந்த ஆயுள் மிகவும் குறுகியதாக இருந்தது. 1993 டிசம்பரில் வெளியான 'டூம்' என்னும் விளையாட்டு 386 பிராஸஸரிலும் ஓடியது. அதே நிறுவனத்தார் 1996 ஜூனில் வெளியிட்ட 'க்வேக்', 75 மெகாஹெர்ட்ஸ் பென்டியத்தைக் குறைந்தபட்சத் தேவையாக விதித்தது. டூம் முழு எண் கணக்குகளைக் கொண்டே காட்சியை அமைத்தது. க்வேக்கோ பின்னங்களைக் கையாளும் கணக்குகளைப் பெரிதும் நம்பியிருந்தது. இவ்வகைக் கணக்கில் பென்டியம், 486 பிராஸஸரைக் காட்டிலும் பன்மடங்கு வல்லது. டூமுக்கென்று 486 வாங்கியவர் மூன்றாண்டுகளுக்குள் பின்தங்கினார். அதன் பின்னரும் ஓட்டம் நிற்கவில்லை. 2000 நவம்பரில் 1.5 கிகாஹெர்ட்ஸ் வேகத்தில் வந்த பென்டியம் 4, 2004 நவம்பரில் 3.8 கிகாஹெர்ட்ஸை எட்டியது. அங்கே உஷ்ணம் குறுக்கிட்டது. வேகத்தை மேலும் உயர்த்தினால் சில்லு வெளியிடும் வெப்பத்தை அகற்றுவது கடினமாயிற்று. அன்று முதல் வளர்ச்சி பெரும்பாலும் ஒரே சில்லில் பல கணக்கிடும் கருக்களை வைப்பதன் வழியாகவே வருகிறது. அது மெதுவான வளர்ச்சியே. தந்தையார் காலத்து அனுபவத்தைக் கொண்டு மகனுடைய கம்ப்யூட்டரின் ஆயுளை மதிப்பிடுவது, ஆகவே, தவறாக முடியும்.

இப்பொழுது வேலையின் அளவைப் பெரிதும் நிர்ணயிப்பவை வீட்டுத் தொலைக்காட்சியுடன் இணைக்கும் விளையாட்டுப் பெட்டிகளாகும். பெரிய விளையாட்டுகளைத் தயாரிப்போர் அப்பெட்டிகளிலும் அவற்றை விற்க வேண்டியிருப்பதால், அவற்றின் சக்தியை மீறிய காட்சிகளை அடிப்படையாக வைப்பதில்லை. ஸோனி நிறுவனத்தின் 'பிளேஸ்டேஷன் 4' 2013 நவம்பரிலும், 'பிளேஸ்டேஷன் 5' 2020 நவம்பரிலும் வெளிவந்தன. இடைவெளி ஏழு ஆண்டுகள். புதிய பெட்டி வந்த பின்னரும் பழையது உடனே கைவிடப்படவில்லை. 2022 நவம்பரில் வெளியான 'காட் ஆஃப் வார் ராக்னராக்' இரண்டிலும் ஓடியது. ஒரு தலைமுறைப் பெட்டி வந்த சிறிது காலத்துக்குப் பின், அதைவிடச் சற்று வல்லமை மிக்க கம்ப்யூட்டரை அமைப்பவர் நெடுங்காலம் நிம்மதியாக இருக்கலாம். பெட்டி மாறும் தறுவாயில் வாங்குபவருக்கு அந்த நிம்மதி கிட்டாது.

2017ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட கம்ப்யூட்டர் ஒன்றின் வரலாறு இவ்விஷயத்தை நன்கு விளக்கும். அவ்வாண்டு மார்ச் மாதத்தில் என்விடியா நிறுவனம் 'ஜிடிஎக்ஸ் 1080 டிஐ' என்ற கிராஃபிக்ஸ் கார்டை வெளியிட்டது. 11 கிகாபைட் நினைவகம் கொண்ட அந்தக் கார்டு, அக்காலத்தில் வேண்டியதற்கு மேற்பட்டது எனக் கருதப்பட்டது. ஆறு ஆண்டுகள் கழிந்த பின்னரும் வேகத்தில் அது குறைகூறத் தக்கதாக இல்லை. அதன் குறை வேறிடத்தில் வெளிப்பட்டது. ஒளிக்கதிர் ஒவ்வொன்றும் செல்லும் வழியைக் கணக்கிட்டு நிழலையும் பிரதிபலிப்பையும் வரைவதற்கான தனி உறுப்புகள், 2018இல் வந்த அடுத்த வரிசைக் கார்டுகளில்தான் முதன்முதலாகச் சேர்க்கப்பட்டன. 2024 டிசம்பரில் வெளியான 'இண்டியானா ஜோன்ஸ் அண்ட் தி கிரேட் ஸர்க்கிள்' இவ்வுறுப்புகளைக் கட்டாயமாக்கியது. சாதாரண வேலையில் 1080 டிஐயைவிட வேகம் குறைந்த 2019ஆம் ஆண்டின் 'ஆர்டிஎக்ஸ் 2060 சூப்பர்' அதற்குப் போதுமானதாயிற்று. வேகம் மிகுந்த பழைய கார்டோ தகுதியற்றதாயிற்று. பின்னர் 2025 அக்டோபருடன், புது விளையாட்டுகளுக்கேற்பக் கார்டின் டிரைவரைத் திருத்தி வெளியிடும் பணியையும் அந்த வரிசைக்கு என்விடியா நிறுத்திக்கொண்டது. பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் 2028 அக்டோபர் வரை வரும். எட்டரை ஆண்டுகள் என்பது இத்துறையில் அரிய ஆயுள் என்றே சொல்ல வேண்டும்.

அக்கார்டைத் தாங்கிய மதர்போர்டின் கதி, வாங்கியவர் எந்தப் பிராஸஸரைத் தெரிந்தெடுத்தார் என்பதைப் பொறுத்தது. 2017 ஜனவரியில் வந்த இன்டெல்லின் 'ஐ7 7700கே' நான்கு கருக்கள் கொண்டது. அதே ஆண்டு அக்டோபரில் ஆறு கருக்கள் கொண்ட அடுத்த பிராஸஸர் வந்தது. பொருத்துவாயின் அளவும் முனைகளின் எண்ணிக்கையும் மாறவில்லை. எனினும் அதற்குப் புதிய மதர்போர்டு வேண்டுமென நிறுவனம் விதித்துவிட்டது. மாறாக, மார்ச்சில் ஏ.எம்.டி. நிறுவனத்தின் 'ரைஸன்' வகையை வாங்கியவர்களில் பலர், 2022 ஏப்ரலில் வந்த '5800எக்ஸ்3டி'யை அதே மதர்போர்டில் பொருத்திக்கொள்ள முடிந்தது. இரு பிரிவினரும் முதலில் செலவிட்ட தொகை ஏறத்தாழ ஒன்றே. இரண்டாவது செலவில்தான் பெரும் வேறுபாடு ஏற்பட்டது. 2025 அக்டோபர் 14ஆம் தேதி விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு முடிவுற்றபோது, அவ்விரு தொடக்கப் பிராஸஸர் வகைகளும் விண்டோஸ் 11இன் அங்கீகாரப் பட்டியலில் இடம் பெற்றிருக்கவில்லை. மாற்றிப் பொருத்திய பிராஸஸர் இடம் பெற்றிருந்தது.

நினைவக அளவைப் பற்றியும் ஒரு சொல். 2020 அக்டோபரில் வந்த 'ஆர்டிஎக்ஸ் 3070' 8 கிகாபைட்டும், அதனினும் மலிவான, வேகம் குறைந்த '3060' 2021 பிப்ரவரியில் 12 கிகாபைட்டும் கொண்டிருந்தன. 2023 முதல் சில விளையாட்டுகள் 8 கிகாபைட்டுக்குள் அடங்க மறுத்தன. அவற்றில் விலை உயர்ந்த கார்டு தடுமாறிற்று. கடைக்காரர்கள் வேகத்தையே எடுத்துரைப்பார்கள். கொள்ளளவைக் கேட்டறிவது வாங்குபவரின் பொறுப்பு.

இவற்றைக் கொண்டு நோக்கினால், நடுத்தர விலையில் இன்று அமைக்கப்படும் கம்ப்யூட்டர், 1,080 வரித் திரையில் நான்கு அல்லது ஐந்து ஆண்டுகள் உயர்ந்த தரத்திலும், மேலும் இரண்டு மூன்று ஆண்டுகள் காட்சித் தரத்தைத் தாழ்த்திக்கொண்டும் பணியாற்றும் என மதிப்பிடலாம். இடையில் ஒருமுறை கார்டை மட்டும் மாற்றினால் இக்காலம் நீளும். காத்திருந்தால் விலை இறங்கும் என்ற பழைய நம்பிக்கை எப்பொழுதும் பலிப்பதில்லை. 2025 இறுதியில், செயற்கை அறிவுக் கணக்கீட்டு நிலையங்களின் தேவையால், ரேம் விலை கடுமையாக ஏறிற்று.

கார்டை மாற்றும்போதும் அப்படியே நீடிக்கக்கூடிய உறுப்புகள் கூடும், பவர் ஸப்ளையும் ஆகும். பவர் ஸப்ளையினுள் உள்ள எலெக்ட்ரோலைட்டிக் கபாஸிட்டரின் ஆயுள், உஷ்ணம் 10 டிகிரி உயருந்தோறும் ஏறத்தாழப் பாதியாகக் குறையும் என்பது நிபுணர்கள் கையாளும் கணக்கு. சித்திரை வைகாசியில் அறையே 38, 40 டிகிரியை எட்டும் நம் நாட்டில், விசிறியின் முன்னுள்ள வலையில் தூசி அடைத்திருந்தால் கூட்டினுள் உஷ்ணம் மேலும் ஏறும். வலையைக் கழற்றித் தட்டித் துடைக்க ஐந்து நிமிடம் போதும். கோடை தொடங்குமுன் ஒருமுறையும், ஊருக்குத் தக்கபடி மாதம் ஒருமுறையும் இதைச் செய்யலாம்.