சுண்டைக்காய் கால்பணம்: மலைநாட்டு இரசிகரின் பல்லேகலைப் பயணம்

“சுண்டைக்காய் கால்பணம், சுமைகூலி முக்கால்பணம்” என்பது நம் முன்னோர் மொழி. கடையில் வாங்கும் பொருளுக்கு மட்டுமன்றிக் கண்ணாற் கண்டு களிக்கும் விளையாட்டுக்கும் இது நன்கு பொருந்தும். கந்தப்பளைத் தோட்டமொன்றில் வாழும் தொழிலாளி ஒருவர், கண்டிக்கு அப்பாலுள்ள பல்லேகலை மைதானத்திலே சர்வதேசக் கிரிக்கெட் ஆட்டமொன்றைக் காண விரும்புகிறார் என வைத்துக்கொள்வோம். அவர் கையைக் கடிப்பது மைதான வாயிலிலே காட்டும் அனுமதிச் சீட்டன்று. தம் வீட்டு வாசலிலிருந்து அவ்வாயில் வரை நீண்டு கிடக்கும் வழியும், அந்த வழியிலே கழிந்துபோகும் வேலைநாளுமே அவர் கையைக் கடிக்கின்றன. இந்தக் கணக்கை முன்கூட்டி அறிந்து புறப்படுபவர் ஆட்டத்தை மகிழ்ந்து கண்டு திரும்புவார். அறியாது புறப்படுபவரோ அந்த ஒருநாட் களிப்புக்கு ஒரு மாதம் வட்டி கட்டுவார்.

வானொலியும் தொலைக்காட்சியும் கைத்தொலைபேசியும் ஆட்டத்தை வீட்டுக்கே கொண்டுவந்து தரும் இந்நாளில் எதற்கு இத்துணைப் பாடு என்று சிலர் வினவலாம். தொலைக்காட்சி பந்தைக் காட்டும்; மைதானத்தைக் காட்டாது. பந்து வீசுமுன் களத்தடுப்பாளர் இரண்டடி நகர்வதையும், மட்டையிற் பட்ட ஒலி சற்றுப் பிந்தி வந்து செவியில் விழுவதையும், பப்பரே வாத்தியக்காரரின் முழக்கத்துக்கு முன்பின் அறியாத பல்லாயிரவர் ஒருங்கே கைதட்டுவதையும் நேரிற் சென்றவரே அறிவர். விளையாட்டிலே ஆர்வமுள்ள மாணவனுக்கு இது ஒரு நாட் கல்வியுமாகும்.

வழியின் நீளம்

நுவரெலியாவிலிருந்து இராகலைக்குச் செல்லும் பாதையிலே, கடல் மட்டத்துக்கு மேல் ஆறாயிரம் அடிக்கு மேற்பட்ட உயரத்திலே அமைந்தது கந்தப்பளை. ஒரு காலத்தில் இவ்வூருக்குப் புகையிரதமும் இருந்தது என்றால் இன்றைய மாணவர் பலர் வியப்புறுவர். நானுஓயாவிலே தொடங்கி, நுவரெலியா, கந்தப்பளை வழியாக இராகலை வரை, இரண்டரை அடி அகலமே கொண்ட சிறிய இருப்புப்பாதை ஒன்று 1904ஆம் ஆண்டளவில் திறக்கப்பட்டது. தேயிலைப் பெட்டிகளையும் மனிதரையும் ஏற்றி இறக்கிய அப்பாதை, மோட்டார் வண்டிகளின் போட்டிக்கு ஈடுகொடுக்கமாட்டாது 1940களில் மூடப்பட்டது. அன்று தொட்டுக் கந்தப்பளையாருக்குப் பஸ் வண்டியே கதி.

கந்தப்பளையில் ஏறி நுவரெலியாவில் இறங்குவது முதற்கட்டம். அங்கிருந்து லபுக்கலை, இறம்பொடை, புசல்லாவை, கம்பளை, பேராதனை எனக் கீழிறங்கிக் கண்டியை அடைவது இரண்டாங் கட்டம். கண்டியிலிருந்து குண்டசாலைப் பக்கமாகத் திகன, மகியங்கனை செல்லும் பஸ்ஸில் ஏறிப் பல்லேகலையில் இறங்குவது மூன்றாங் கட்டம். காத்திருக்கும் நேரத்தையும் கூட்டினால் ஒருவழிப் பயணத்துக்கே நான்கு மணி நேரம் வேண்டும். புகையிரதத்தின் மூன்றாம் வகுப்பு மலிவானதே. ஆயினும் அதற்கு முதலில் நானுஓயா வரை செல்லவேண்டும். அன்றியும் 2025 நவம்பர் இறுதியில் நாட்டைத் தாக்கிய டித்வா புயலினால் மலைநாட்டு இருப்புப்பாதைகளும் தெருக்களும் பெருஞ்சேதமுற்றன. ஆதலின் எவ்வழியாகச் செல்பவரும் பாதை நிலையைப் புறப்படுமுன் விசாரித்தறிதல் நலம்.

இழந்த பேரும் செலவே

தோட்டத்திலே ஒருநாள் வேலையை ‘ஒரு பேர்’ என்று கூறுவது வழக்கம். வேலைக்குப் போகாத நாளிலே பேர் இல்லை. பேர் இல்லையேல் சம்பளம் இல்லை. ஆட்டம் காணச் செல்பவர் பெரும்பாலும் கணக்கில் எழுத மறப்பது இதனையே.

2021ஆம் ஆண்டில் 1,000 ரூபாவாக இருந்த தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 2024ஆம் ஆண்டில் 1,350 ரூபாவாயிற்று. ஊக்கத்தொகையுஞ் சேர்த்து அதனை 1,750 ரூபாவாக்கும் முன்மொழிவு 2026ஆம் ஆண்டுக்கான வரவுசெலவுத் திட்டத்தில் வைக்கப்பட்டது. 2026 பெப்ரவரி, மார்ச் மாதங்களில் இந்தியாவும் இலங்கையும் சேர்ந்து நடத்திய இருபது ஓவர் உலகக் கிண்ணப் போட்டிக்கு, இலங்கை மைதானங்களில் ஆகக் குறைந்த சீட்டு விலை 1,000 ரூபா என்று அறிவிக்கப்பட்டது. இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். வேலைநாளில் ஆட்டத்துக்குச் செல்பவருக்குச் சீட்டின் விலையிலும் இழந்த பேரின் விலையே பெரிது. கணவனும் மனைவியும் ஒருநாள் வேலையை விட்டால், 1,350 ரூபாக் கணக்கிற்கூட 2,700 ரூபா போய்விடும். அது பிள்ளையின் அப்பியாசக் கொப்பிகளுக்கும் சப்பாத்துக்கும் ஆகக்கூடிய பணம்.

ஆகவே சிக்கனத்தின் முதல் விதி இது: மலிவான சீட்டைத் தேடுமுன் மலிவான நாளைத் தேடுக. ஓய்வு நாளான ஞாயிறே மலைநாட்டு இரசிகருக்கு ஆகச் சிறந்த நாள். போட்டி அட்டவணை வெளியானதும் நாட்காட்டியைப் பக்கத்தில் வைத்து, எந்த ஆட்டம் எந்தக் கிழமையில் வருகிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். இவ்வேலையை வீட்டிலுள்ள மாணவரிடம் ஒப்படைத்தால் அவர்கள் மகிழ்ந்து செய்வர்.

எந்த ஆட்டத்தைத் தெரிவது?

இருபது ஓவர் ஆட்டத்தையே இளைஞர் பெரிதும் விரும்புவர். ஆனால் அது பெரும்பாலும் மாலை ஏழு மணியளவில் தொடங்கி இரவு பதினொரு மணியை நெருங்கி முடிவது. அவ்வேளையிலே பல்லேகலையில் நின்றுகொண்டு கந்தப்பளைக்கு வழி தேடுவோரின் நிலை என்னாகும்? விடுதியில் அறை எடுப்பின், சீட்டைப் போற் பன்மடங்கு செலவாகும். கண்டியிலோ கம்பளையிலோ இரவு தங்க உறவினர் வீடு உண்டேல் மட்டுமே இரவு ஆட்டம் நமக்கு ஏற்றது. அன்றேல் லயத்திலுள்ள நாலைந்து குடும்பங்கள் ஒன்றுகூடி வான் ஒன்றை வாடகைக்கு அமர்த்தலாம். தலைக்கு இவ்வளவு என்று பிரித்துக்கொண்டால் பாரம் தெரியாது. பெண்களும் பிள்ளைகளும் பாதுகாப்பாக வீடு சேர்வர்.

கையிற் பணம் குறைந்தவருக்கு உற்ற துணை டெஸ்ட் ஆட்டமே. காலை பத்து மணியளவில் தொடங்கி மாலையில் முடியும் அவ்வாட்டத்தில், ஒரு நாளைக்கு ஆறு மணி நேர விளையாட்டு உண்டு. இருபது ஓவர் ஆட்டமோ மூன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். பஸ் கட்டணம் இரண்டுக்கும் ஒன்றே. ஐந்து நாள் நடப்பதால் அதனுள் ஓய்வு நாளொன்று அகப்படுதலும் எளிது. கூட்டம் குறைவாதலின் விரும்பிய இடத்திலே அமரலாம். பல்லேகலையிலே புற்றரை மேடும் உண்டு; பாயை விரித்துக் குடும்பத்தோடு அமர்ந்து பார்ப்பதற்கு அதனிலும் வாய்ப்பான இடம் வேறில்லை. தேநீர் இடைவேளையோடு எழுந்து புறப்பட்டால் இரவு முற்றுமுன் வீடு திரும்பலாம்.

அமெரிக்க நாட்டிலே தொழில்முறைக் கூடைப்பந்தாட்டம் காண ஊர் ஊராய்ச் செல்லும் இரசிகரும் இந்த உபாயத்தையே கைக்கொள்கின்றனர். அங்கே முப்பது அணிகள் உள; ஒவ்வோர் அணியும் ஒரு பருவத்திலே 82 ஆட்டங்கள் ஆடும்; அவற்றிற் பாதி சொந்த ஊரிலேயே நடக்கும். வார இறுதியிற் புகழ்பெற்ற அணியொன்று வரும் நாளில் சீட்டு விலை ஏறும்; வார நடுவில் எளிய அணி வரும் நாளில் இறங்கும். ஆகவே பயணி, வார நடு ஆட்டத்தைத் தெரிந்து, கூரையை அண்டிய மேல்வரிசையில் அமர்ந்து பார்க்கிறான். இரவுப் பஸ்ஸிலே உறங்கி அடுத்த ஊரை அடைந்தால் விடுதிச் செலவும் மிச்சமாகும். அவனுக்கு வார நடு மலிவு. நமக்கு ஞாயிறு மலிவு. அவரவர் வாழ்க்கைக்கு ஏற்ப நாளைத் தெரிதலே இரண்டிடத்தும் இரகசியம்.

வானத்தையும் கணக்கிற் சேர்க்க

மலைநாட்டாருக்கு மழையைப் பற்றி எவரும் கற்பிக்க வேண்டுவதில்லை. ஆயினும் ஆட்டம் என்றதும் குடையை மறந்து ஓடுவோர் உளர். பல்லேகலையில் முதல் டெஸ்ட் ஆட்டம் 2010 டிசம்பரில் மேற்கிந்தியத் தீவு அணியோடு நடந்தபோது, மழையே பெரும்பகுதியையும் விழுங்கிவிட்டது. 2023 செப்டெம்பர் 2ஆம் திகதி ஆசியக் கிண்ணத்துக்காக இந்தியாவும் பாகிஸ்தானும் அங்கே மோதின. இந்தியா 266 ஓட்டங்கள் எடுத்தபின் மழை பொழிந்தது. பாகிஸ்தான் ஒரு பந்தேனும் ஆடாமலே ஆட்டம் கைவிடப்பட்டது. எனவே, மழையால் ஆட்டம் நின்றால் பணம் திரும்பக் கிடைக்குமா, எந்த நிபந்தனையில் என்பதைச் சீட்டு வாங்கும்போதே கேட்டறிக. வாயிலில் இரட்டிப்பு விலைக்குக் கள்ளச் சீட்டு விற்போரை அணுகற்க. அச்சீட்டு உள்ளே விடுமென்பதற்கு உறுதியில்லை. நான்கு மணி நேரம் பயணஞ் செய்து வந்தவர் வாயிலோடு திரும்புவதைப் போன்ற துன்பம் வேறில்லை.

உணவைப் பொறுத்தமட்டில், ரொட்டியும் சம்பலும் கட்டிக்கொண்டு செல்வதே வழிக்கு உகந்தது. மைதானத்துள் எதைக் கொண்டுபோகலாம் என்பது போட்டிக்குப் போட்டி மாறும். கண்ணாடிப் போத்தலைத் தவிர்ப்பது எப்போதும் நன்று. மாலை ஆனதும் நுவரெலியாவின் குளிர் காத்திருக்கும். பிள்ளைகளின் கம்பளிச் சட்டையை வீட்டில் விட்டுச் செல்லலாகாது.

காசின்றிக் கண்ட காட்சிகள்

சீட்டே இன்றிக் காணும் ஆட்டங்களும் உள. 2024 ஜூலை மாதம் தம்புள்ளையில் நடந்த மகளிர் ஆசியக் கிண்ணப் போட்டிகளுக்கு அனுமதி இலவசம். அம்மாதம் 28ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை, இறுதியாட்டத்திலே இலங்கை மகளிர் இந்தியாவை எட்டு விக்கெட்டுகளால் வென்று முதன்முறையாக அக்கிண்ணத்தைப் பெற்றனர். சமரி அத்தபத்து 61 ஓட்டங்களும், ஹர்ஷிதா சமரவிக்ரம ஆட்டமிழக்காது 69 ஓட்டங்களும் எடுத்தனர். காசு கொடாமல் கிடைத்தது என்பதற்காக அவ்வெற்றியின் மாண்பு சிறிதும் குறைந்துவிடவில்லை. பெண் பிள்ளைகளை அழைத்துச் செல்ல இத்தகைய ஆட்டங்களே மிகப் பொருத்தமானவை.

காலியிலோ, மைதானத்தை நோக்கி நிற்கும் பழைய ஒல்லாந்தர் கோட்டையின் மதிலே ஏழையின் மாடம். 2020 மார்ச்சில் தம் அணியின் ஆட்டத்தைக் காண வந்த ஆங்கில இரசிகர் ஒருவர், கொள்ளைநோயால் அப்பயணம் கைவிடப்பட்டதும் நாடு திரும்பாமல், பத்து மாதம் இங்கேயே வேலை செய்து காத்திருந்தார். 2021 ஜனவரியில் இங்கிலாந்து அணி மீண்டும் வந்தபோது பார்வையாளருக்கு அனுமதி இல்லை. அவர் கோட்டை மதிலின்மீது நின்று பார்த்தார். 228 ஓட்டங்கள் குவித்த அணித்தலைவர் ஜோ ரூட், மதிலை நோக்கி மட்டையை உயர்த்தி அவருக்கு வணக்கம் செலுத்தினார்.

இந்தியாவிலே பீகார் மாநிலத்து முசாபர்பூரைச் சேர்ந்த சுதீர் குமார் சௌத்ரி, டெண்டுல்கரைக் காண 2003இல் மும்பை வரை துவிச்சக்கர வண்டியிலேயே சென்றார். நம் நாட்டிலே தேசியக் கொடியைத் தோளிலேந்தி மைதானந்தோறும் திரிந்த பேர்சி அபேசேகர, 2023 அக்டோபர் 30ஆம் திகதி தம் 87ஆம் வயதிற் காலமானபோது விளையாட்டுலகமே துயருற்றது. இவர்களைப் போல் வாழ்நாளையே ஒப்புக்கொடுத்தல் குடும்பத்தவர் எவருக்கும் இயலாது; வேண்டுவதும் அன்று. எனினும் வசதியிருந்தாற்றான் விளையாட்டைக் காணலாம் என்ற எண்ணம் தவறு என்பதை இவர்கள் காட்டினர்.

ஒருவர் பலமுறையா, குடும்பம் ஒருமுறையா?

வீட்டுத் தலைவர் தாம் மட்டும் நண்பரோடு மாதந்தோறும் ஆட்டத்துக்குச் செல்வதும், வீட்டிலுள்ளோர் தொலைக்காட்சியோடு நிற்பதும் பல இடங்களிற் காணும் வழக்கம். அவர் ஆறு முறை தனியே செலவிடும் பணத்திலே ஒரு குடும்பம் முழுவதும் ஒருமுறை சென்று வரலாம். கொழுந்துக் கூடையைத் தவிர வேறு பாரம் அறியாத தாயும் அந்த ஒருநாள் புற்றரையில் அமர்ந்து சிரிக்கட்டும். வீட்டில் ஓர் உண்டியல் வைத்து, வழிச்செலவு, சீட்டு, உணவு, இழந்த பேர் என்னும் நான்கு தலைப்புகளில் கணக்கெழுதிச் சேர்த்து வந்தால், ஆண்டுக்கொரு முறை இது கைகூடும்.

சில நாட்களுக்குக் கணக்குப் பார்க்கலாகாது என்பாரும் உளர். அவர் கூற்றிலும் உண்மை உண்டு. 2007 டிசம்பர் 3ஆம் திகதி கண்டி அஸ்கிரிய மைதானத்திலே முத்தையா முரளிதரன் தமது 709ஆவது டெஸ்ட் விக்கெட்டை வீழ்த்தி, ஷேன் வார்னின் உலக சாதனையைக் கடந்தார். அன்று திங்கட்கிழமை. வேலையை விட்டுச் சென்று அதனைக் கண்ட தொழிலாளி எவரேனும் இருப்பின், இழந்த அந்த ஒரு பேருக்காக அவர் இன்று வருந்தமாட்டார். ஆயின் அத்தகைய நாள் ஆயிரத்தில் ஒன்று. ஏனைய நாட்களுக்குக் கணக்கு வேண்டும்.

அந்த முரளிதரனின் பாட்டனாரும் 1920ஆம் ஆண்டில் தேயிலைத் தோட்டத்தில் உழைக்கத் தமிழகத்திலிருந்து வந்தவரே. பல்லேகலைக்குப் போகும் வழியிலுள்ள குண்டசாலையிலேதான் அவர் குடும்பத்தார் பிஸ்கட் தொழில் நடத்தினர். பஸ் அவ்வூரைக் கடக்கும்போது பெற்றோர் இதனைத் தம் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்லட்டும். சுமைகூலி முக்கால்பணம் ஆனாலும், அந்த வழியிலே பிள்ளைகள் அறிந்துகொள்வது அதனிலும் பெறுமதியுடையதாகும்.