கட்டுப்பாட்டு நிலையம் மௌனித்த நாளில் ஒரு சிறு விமானம்

2014 செப்டெம்பர் 26, வெள்ளிக்கிழமை. அமெரிக்காவின் இலினோய் மாநிலத்தில், சிக்காகோவுக்கு அருகே ஓரோரா என்ற ஊரில் இருக்கும் வான் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு நிலையத்தின் அடித்தளத்தில் விடிவதற்கு முன்னர் தீ மூண்டது. அங்கு வேலை செய்துவந்த ஒப்பந்த ஊழியர் ஒருவரே கேபிள்களை வெட்டிவிட்டுத் தீயும் வைத்திருந்தார். தொலைத்தொடர்புக் கருவிகள் இருந்த 29 அடுக்குகளில் 20 நாசமாகின. நிலையத்திலிருந்து எல்லோரும் வெளியேற்றப்பட்டார்கள். அன்று மட்டும் சிக்காகோவின் இரண்டு விமான நிலையங்களிலும் சுமார் 2,000 பறப்புகள் இரத்தாகின. நிலையம் முழுமையாக இயங்கத் தொடங்கியது ஒக்டோபர் 13ஆம் திகதிதான்.

விமான நிலையத் தரையில் படுத்துறங்கிய பயணிகளைப் பற்றி அப்போது நிறைய எழுதப்பட்டது. நான் இங்கு சொல்ல வருவது வேறொருவரின் நிலையை. சொந்தமாக ஒரு சிறு விமானம் வைத்திருந்து, அந்த நாட்களில் அந்த வான்வெளியைக் கடக்க வேண்டியிருந்த தனி விமானியின் நிலை அது. பெரிய நிறுவனங்களிடம் பாதையை மாற்றி எழுதித் தருவதற்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது. தனி விமானிக்கு அப்படி யாருமில்லை. போவதா விடுவதா என்பதை அவர்தான் முடிவுசெய்ய வேண்டும்.

விமானச் சத்தம் கேட்டால் அண்ணாந்து பார்க்காமல் பங்கருக்குள் ஓடிய பிள்ளைகளில் நானும் ஒருத்தி. மேலே பறப்பவரும் தரையில் இருக்கும் ஒருவரின் சொல்லை நம்பித்தான் பறக்கிறார் என்பதை வளர்ந்து, வாசித்துத்தான் அறிந்துகொண்டேன்.

பறப்பதற்கு இரண்டு முறைகள் உண்டு. ஒன்று கண்ணால் பார்த்துப் பறப்பது. மற்றது முகிலுக்குள்ளும் இருளிலும் கருவிகளை மட்டும் பார்த்துப் பறப்பது. இரண்டாவது முறையில் பறக்கும் விமானிக்குத் தன் உயரம், திசை, வேகம் எல்லாம் தெரியும். ஆனால் அதே முகிலுக்குள் எதிரே வரும் விமானம் தெரியாது. அதைப் பார்ப்பது கீழே ராடர் திரைக்கு முன்னால் இருக்கும் கட்டுப்பாட்டாளர். பெரும்பாலும் இரு விமானங்களுக்கு இடையே 5 கடல் மைல், அதாவது சுமார் 9 கிலோமீற்றர் இடைவெளி இருக்க அவர் பார்த்துக்கொள்வார். இல்லையேல் 1,000 அடி உயர வித்தியாசமாவது இருக்க வேண்டும். இதனால்தான் அமெரிக்காவில் கட்டுப்பாட்டு வான்வெளிக்குள் கருவிமுறையில் பறக்க, முன்கூட்டியே கொடுத்த பறப்புத் திட்டமும் கட்டுப்பாட்டாளரின் அனுமதியும் கட்டாயம். நிலையம் செயலிழந்தால் விமானத்தில் ஒரு பழுதும் இராது, விமானியின் திறமையும் குறையாது. ஆனாலும் அந்தப் பறப்பின் பாதி இல்லாமல் போய்விடுகிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மினியாபொலிஸிலிருந்து இண்டியானாபொலிஸுக்கு நேர்கோட்டில் சுமார் 810 கிலோமீற்றர். அந்தக் கோடு ஓரோரா நிலையத்தின் வான்வெளிக்குள்ளால்தான் போகிறது. நான்கு பேர் அமரும் செஸ்னா 172 வகை விமானம் மணிக்கு 220 கிலோமீற்றர் வேகத்தில் பறந்தால் 3 மணி 40 நிமிடம் எடுக்கும். அந்த வான்வெளியை விலக்கி, தெற்கே டெ மொய்ன், பிறகு சென் லூயிஸ் என்று சுற்றினால் குறைந்தது 1,150 கிலோமீற்றர். ஐந்தேகால் மணித்தியாலம். சென்றடைந்த பின்னரும் 45 நிமிடத்துக்கு எரிபொருள் மிஞ்ச வேண்டும் என்பது விதி. இறங்குமிடத்தின் வானிலை மோசமென்றால் மாற்று விமான நிலையத்துக்குப் போகவும் எரிபொருள் வேண்டும். அந்த விமானத்தில் பயன்படுத்தக்கூடிய எரிபொருள் சுமார் 200 லீற்றர். மணிக்கு 35 லீற்றர் என்றால் ஆறு மணித்தியாலத்துக்கே 210 லீற்றர் தேவை. ஆகவே இடையில் இறங்கித்தான் ஆக வேண்டும். இதை மேலே ஏறிய பிறகு யோசிக்க முடியாது.

தாழ்வாகப் பறப்பது இன்னொரு வழி. பெரிய நகரங்களைச் சுற்றியுள்ள தாழ்ந்த வான்வெளியைத் தனி நிலையங்கள் பார்க்கின்றன. ஒன்றின் கையிலிருந்து மற்றதன் கைக்கு மாறி மாறிப் போகலாம். ஆனால் இடையில் யாருக்கும் சேராத வெளிகள் வரும்.

திட்டத்தைக் கொடுத்துவிட்டால் போதும் என்றும் இருக்க முடியாது. ஓரோராவில் ராடர் திரைகள் மட்டும் இருளவில்லை. பறப்புத் திட்டங்களை அடுத்தடுத்த நிலையங்களுக்குத் தானாக அனுப்பும் வசதியும் போய்விட்டது. கிளீவ்லாந்து, இண்டியானாபொலிஸ், மினியாபொலிஸ், கன்சாஸ் சிற்றி ஆகிய அயல் நிலையங்கள் அந்த வான்வெளியைப் பங்குபோட்டு எடுத்துக்கொண்டன. ஓரோராவின் கட்டுப்பாட்டாளர்கள் அங்கெல்லாம் போய் இருந்து உதவினார்கள். விபரங்கள் தொலைபேசியிலும் தொலைநகலிலும் கடதாசியிலும் கைமாறின. மின்சாரமும் தொலைபேசியும் இல்லாத காலத்தில் சைக்கிளில் துண்டு அனுப்பி அலுவல் பார்த்த எங்களுக்கு இதில் புதுமை ஒன்றுமில்லை. ஆனால் கையால் எழுதும் ஒருவருக்கு இருபது புள்ளிகள் கொண்ட சிக்கலான பாதையைக் கொடுக்கக் கூடாது. எல்லோருக்கும் தெரிந்த இரண்டு மூன்று இடங்களைக் கொண்ட எளிய பாதை போதும்.

எனக்கு மிகவும் பயம் தருவது மூன்றாவது வழி. "கண்ணால் பார்த்துப் பறப்போம், முகில் வந்தால் நடுவழியில் வானொலியில் அனுமதி கேட்போம்." சாதாரண நாளில் இப்படிக் கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும். செயலிழப்பு நாளில் மறுமுனையில் இருப்பவர் ஏற்கனவே இரண்டு பேரின் வேலையைச் செய்துகொண்டிருப்பார். அனுமதி வராது, முகில் மட்டும் வரும். கண்ணால் பறக்கத் தொடங்கி முகிலுக்குள் சிக்குவது சிறு விமான விபத்துகளில் மிக அதிகமாக உயிர் குடிப்பவற்றில் ஒன்று. ஆகவே அன்றைய திட்டத்தை அனுமதி கிடைக்காது என்றே எண்ணிப் போட வேண்டும். வழிமுழுக்க வானம் தெளிவாக இருந்தால் பறக்கலாம். இல்லையென்றால் சாவியை மேசையில் வைத்துவிட்டுத் தேநீர் குடிக்கலாம்.

தீ மூண்ட நேரத்தில் ஏற்கனவே வானில் இருந்தவர்களுக்கு இந்தத் தெரிவு இருக்கவில்லை. அயல் நிலையங்கள் அவர்களை உடனடியாகப் பொறுப்பேற்க, எல்லோரும் பத்திரமாக இறங்கினார்கள். கட்டுப்பாட்டாளரின் குரல் திடீரென நின்றால் விமானி முதலில் முன்னைய அலைவரிசைக்குத் திரும்பிப் பார்ப்பார். அதுவும் சரிவராவிட்டால் 121.5 என்ற அவசர அலைவரிசை இருக்கிறது.

மினியாபொலிஸ் விமானி 17 நாட்கள் காத்திருக்க முடியாதவர் என்று வைப்போம். காலையிலேயே புறப்பட்டு டெ மொய்னில் இறங்குகிறார். எரிபொருள் நிரம்பிக்கொண்டிருக்கும்போது விமானிகளுக்கான தகவல் சேவைக்குத் தொலைபேசி எடுத்து அவர் கேட்க வேண்டியவை இரண்டு: சென் லூயிஸில் வானிலை எப்படி, என்னுடைய திட்டம் கன்சாஸ் சிற்றிக்குக் கிடைத்துவிட்டதா?