தனியா, தனித்துவமா?

"அப்பா, தனித்துவம்னா தனியா இருக்கறதா?" என்று ஐந்து வயது மகள் கேட்டபோது எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. நாங்கள் இருப்பது சூரிக்கை ஒட்டிய ஷ்லீரனில். இங்கே மழலையர் பள்ளிப் பிள்ளைகள் கழுத்தில் ஒரே மாதிரி ஒளிரும் முக்கோணப் பட்டை மாட்டிக்கொண்டு நடந்தே போவார்கள். அவள் வகுப்பில் தமிழ் பேசுகிறவள் இவள் ஒருத்திதான். "நீ தனித்துவமானவள்" என்று முந்தின நாள் ஆறுதல் சொல்லியிருந்தேன். அவளுக்குக் கேட்டது முதல் இரண்டு எழுத்து மட்டும்.

தரவுத்தளம் கட்டுகிற எனக்குத் தனித்துவம் என்றால் ஒரே எண் இரண்டு பேருக்கு வரக்கூடாது, அவ்வளவுதான். குழந்தையிடம் அது எடுபடுமா? தாளில் பென்சிலால் கருப்பாகத் தேய்த்து, அதில் விரலை ஒற்றி, செல்லோடேப்பை விரல்மேல் ஒட்டி உரித்தேன். வெள்ளைத்தாளில் ஒட்டியதும் ரேகை பளிச்சென்று தெரிந்தது.

ஊரில் என் பாட்டி விரல்நுனி பார்த்துச் சங்கு, சக்கரம் எண்ணுவார். (பலனை நான் நம்புவதில்லை. ஆனால் வகைப்பாடு சரிதான்; பிரான்சிஸ் கால்டன் 1892-ல் பிரித்த வில், கண்ணி, சுழி என்ற மூன்றில் பின்னிரண்டும் ஏறக்குறைய இவைதாம்.) என் கட்டைவிரலில் சக்கரம், அவளுக்கும் சக்கரம். "ரெண்டும் ஒண்ணு!" என்றாள். பூதக்கண்ணாடியைக் கொடுத்து, ஒரு கோடு எங்கே இரண்டாகப் பிரிகிறது, எங்கே நின்றுபோகிறது என்று பார்க்கச் சொன்னேன். விஷயம் அங்கேதான் இருக்கிறது. சக்கரம் கோடிக்கணக்கானவர்களுக்கு உண்டு. கோடு பிரியும் இடங்கள் அச்சாக இன்னொருவருக்கு அமைந்ததாகத் தெரியவில்லை. ஒரே முகமுள்ள இரட்டையருக்கும் வேறுதான். மரபணு மட்டுமல்ல, கருப்பைக்குள் விரல் வளரும் விதமும் சேர்ந்தே கோடுகளைத் தீர்மானிக்கிறது.

"கோடே இல்லாதவங்க?" என்றாள். இந்த நாட்டிலேயே உண்டு! அமெரிக்காவுக்குள் நுழையப்போன சுவிஸ் பெண் ஒருவரின் விரலில் ரேகையே இல்லாததால் அதிகாரிகள் திண்டாடியது 2007-ல் தெரியவந்தது. பாசலைச் சேர்ந்த தோல் மருத்துவர் பீட்டர் இட்டின் விசாரித்தார். அந்தக் குடும்பத்தில் இன்னும் பலருக்கும் வழவழ விரல்கள்! காரணமான மரபணு மாற்றம் 2011-ல் பிடிபட்டது.

மறுநாள் செல்லோடேப்பையும் பென்சிலையும் பைக்குள் போட்டுக்கொண்டு போனாள். மத்தியானம் சாப்பிட வந்தபோது டேப் காலி. தாளில் பதினாலு கட்டைவிரல்.

"ஒம்பது சங்கு, அஞ்சு சக்கரம்" என்றாள். சங்கு என்று சொல்ல மொத்த வகுப்பும் பழகிவிட்டதாம். 'ழ' இன்னும் ஆரம்பிக்கவில்லை.