கழித்தல் குறியும் குவாண்டம் பின்னலும்

குவாண்டம் கணினி பற்றிய எந்தச் செய்தியை எடுத்தாலும் அதில் ‘பின்னல்’ வந்துவிடுகிறது. பின்னலுற்ற இரண்டு துணிக்கைகள் எவ்வளவு தூரம் விலகினாலும், ஒன்றை அளந்து பெறும் விடை மற்றதன் விடையோடு பொருந்தி நிற்கும். இரண்டும் தத்தம் விடையை முன்கூட்டியே சுமந்துகொண்டு புறப்பட்டன என்று கொண்டால் அந்தப் பொருத்தத்தை விளக்க முடியாது. இதைச் சோதிக்கும் வழியை 1964 இல் ஜோன் பெல் சொன்னார். அதைப் பரிசோதனையில் காட்டிய அலெய்ன் அஸ்பே, ஜோன் கிளௌசர், அன்ரன் சைலிங்கர் ஆகியோருக்கு 2022 இல் நொபெல் பரிசு கிடைத்தது.

துணிக்கைகளுக்கு இயற்கை விதித்திருக்கும் சமச்சீர்க் கட்டுப்பாடுகள் இந்தப் பின்னலை என்ன செய்கின்றன என்பது அதிகம் பேசப்படாத கேள்வி. அதற்கு விடை தேடியவர்களில் சென்னையில் உருவான ஆய்வாளர்களும் இருக்கிறார்கள்.

ஈலியத்தின் இரண்டு இலத்திரன்கள்

உயர்தர இரசாயனவியல் வகுப்பில் ஈலியம் அணுவின் ஒபிற்றலுக்குள் இரண்டு அம்புக்குறிகள் போடுகிறோம். இலத்திரன்களின் தற்சுழற்சியைக் குறிக்க ஒன்று மேலே, ஒன்று கீழே. படம் சரிதான், ஆனால் முழுமையானதல்ல. எந்த இலத்திரன் மேலே, எந்த இலத்திரன் கீழே என்று இயற்கை பிரித்துவைக்கவில்லை. ‘முதலாவது மேலே, இரண்டாவது கீழே’ என்ற நிலையிலிருந்து ‘முதலாவது கீழே, இரண்டாவது மேலே’ என்ற நிலையைக் கழித்தால் கிடைப்பதே ஈலியத்தின் உண்மை நிலை.

அந்தக் கழித்தல் குறிதான் சமச்சீர்க் கட்டுப்பாடு. இரண்டு இலத்திரன்களை இடம் மாற்றினால் அவற்றின் நிலையை விவரிக்கும் அலைச்சார்பின் குறி மாறியே தீர வேண்டும். இரண்டும் முற்றிலும் ஒரே நிலையில் இருந்தால் கழித்தபின் மிஞ்சுவது பூச்சியம்; அதாவது, அப்படியொரு நிலை இருக்கவே முடியாது. பௌலி 1925 இல் கூறிய தவிர்ப்புத் தத்துவம் இதிலிருந்தே பிறக்கிறது. இந்த எதிர்ச்சமச்சீரை 1926 இல் ஐசன்பேர்க்கும் டிராக்கும் தனித்தனியே வகுத்தார்கள்.

தோற்றமா, உண்மையா?

ஈலியத்தின் நிலையை எழுதிய விதத்தை மட்டும் பார்த்தால் அது உச்சப் பின்னல் போலத் தெரியும். சிக்கல் ‘முதலாவது’, ‘இரண்டாவது’ என்ற பெயர்களில் இருக்கிறது. கொழும்புத்துறை இறங்குதுறையில் ஒரே அச்சில் வார்த்த இரண்டு பைபர் படகுகள் நின்றாலும் அவற்றின் பதிவு இலக்கங்கள் வேறு. இலக்கத்தை அழித்தாலும் ஒரு கீறலையோ ஒட்டையோ பார்த்துக் கடற்றொழிலாளி தன் படகைக் கண்டுபிடித்துவிடுவார். இலத்திரனில் இலக்கமும் இல்லை, கீறலும் இல்லை. பிரித்துச் சுட்டவே முடியாத இரண்டுக்கு இடையில் பின்னல் என்று எதைச் சொல்வது?

வழக்கமான கணக்கு, ஒரு துணிக்கையை மறைத்துவிட்டு மற்றதைப் பற்றி நமக்கு எஞ்சும் அறியாமையை எந்திரப்பியாக அளக்கும். எதிர்ச்சமச்சீர் கொண்ட மிக எளிய இரு துணிக்கை நிலைக்கும் அது 2 இன் இயற்கை மடக்கை, அதாவது ஏறத்தாழ 0.69 என்ற விடையைத் தருகிறது. எதிர்ச்சமச்சீரைத் தவிர வேறு தொடர்பில்லாத அந்த நிலைக்குப் பூச்சியம் வர வேண்டிய இடத்தில் சமச்சீர் தன் நிழலை விழுத்துகிறது.

2013 இல் ‘பிசிக்கல் ரிவியூ லெட்டர்ஸ்’ இதழில் நால்வர் இதற்கு ஒரு தீர்வை முன்வைத்தார்கள். ஒருவர், சென்னையில் அல்லாடி இராமகிருஷ்ணனின் மாணவராக இருந்து, அமெரிக்காவின் சிரக்கியூஸ் பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் பேராசிரியராயிருந்த ஏ. பி. பாலச்சந்திரன். இன்னொருவர் சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தின் டி. ஆர். கோவிந்தராஜன். மற்ற இருவர் அமில்கார் டி குவெய்ரோஸ், அந்திரெஸ் ரெயெஸ்-லேகா.

அவர்கள் துணிக்கைகளைப் பிரிக்கவே இல்லை. எந்தெந்தக் கணியங்களை அளக்க முடியும் என்று முதலில் வரையறுத்தார்கள். பிறகு, அந்த அளவீடுகளைப் பற்றி மட்டும் அந்நிலை என்ன சொல்கிறது என்று கணித்தார்கள். இதற்குரிய கணிதத்தை 1940களில் கெல்ஃபாண்ட், நைமார்க், சீகல் ஆகியோர் அமைத்திருந்தனர். இந்த முறையில், ஒரு துணிக்கைக்குரிய அளவீடுகள் அனைத்தும் கைவசம் இருக்கையில் அந்த எளிய நிலையின் எந்திரப்பி பூச்சியமாகிறது. அளவீடுகளைச் சுருக்கினால் பூச்சியமல்லாத பெறுமானங்களும் வரலாம். இலத்திரன் போன்ற பேர்மியோன்களுக்கும், 1924 இல் டாக்காவிலிருந்து சத்யேந்திரநாத் போஸ் எழுதிய புள்ளிவிபரவியலைப் பின்பற்றும் போசோன்களுக்கும் ஒரே முறை பொருந்துகிறது.

சமச்சீர் உண்மையிலேயே பின்னும்போது

சமச்சீர் போலித்தோற்றம் மட்டும் தருவதில்லை. ஐதரசன் மூலக்கூறு ஒன்றை, அதன் மொத்தத் தற்சுழற்சி பூச்சியமாகவே இருக்கும்படி மெல்ல இரண்டு அணுக்களாகப் பிரிப்பதாகக் கொள்வோம். இப்போது ‘இடப்பக்க இலத்திரன்’, ‘வலப்பக்க இலத்திரன்’ என்ற பெயர்களுக்குப் பொருள் உண்டு. ஒவ்வொன்றையும் தனியே அளக்கலாம். இரண்டு தற்சுழற்சிகளுக்கு நான்கு அடிப்படை நிலைகள். எத்திசையில் சுழற்றினாலும் மாறாதது அவற்றில் ஒன்றே ஒன்றுதான். சுழற்சிச் சமச்சீரைக் கோரினால் இயற்கைக்கு வேறு தெரிவு இல்லை. அந்த ஒரே நிலையே உச்சப் பின்னல் கொண்ட நிலை.

ஆகவே எவ்வளவு பின்னல் இருக்கிறது என்று கேட்கும் முன், எதை அளக்க முடியும் என்று கேட்க வேண்டும். சிலிக்கன் துண்டில் இலத்திரன்களின் தற்சுழற்சியைக் கொண்டு கணினி அமைக்க முயல்பவர்களுக்கு இது நடைமுறைக் கேள்வி. தூர நிற்கும் இரண்டு இலத்திரன்களுக்கு இடத்தைக் கொண்டு பெயர் வைக்கலாம்; அலைச்சார்புகள் மேற்படியும்போது அந்தப் பெயர்கள் கலங்கிவிடும்.

தமிழில் படிக்கும் மாணவருக்கு இந்த அடிப்படையைச் சொல்லிக்கொடுப்பதைத் தள்ளிப்போடக் காரணம் எதுவும் இல்லை. ஈலியம் படிப்பிக்கும் ஆசிரியர் இரண்டு அம்புக்குறிகளோடு அந்தக் கழித்தல் குறியையும் கரும்பலகையில் எழுதட்டும். அதற்குக் கூட்டலும் கழித்தலும் தெரிந்தாலே போதும்.