அலைகளைக் கோக்கும் கருவி



வீணையின் ஒலி எங்கிருந்து பிறக்கின்றது என்று கேட்டால், சிறுவனும் ஒருவாறு விடை சொல்லிவிடுவான். நரம்பு அதிர்கின்றது, குடம் அவ்வதிர்வைப் பெருக்குகின்றது. ஆனால் நரம்பும் துளையும் தோலும் இன்றி, மின்சாரத்தினால் மாத்திரம் இசைக்கும் கருவியொன்றை நாம் எங்ஙனம் அறிந்துகொள்வது? சிந்தசைசர் எனப்படும் அத்தகைய கருவி ஒன்றைப் பற்றியே இன்று பேச விரும்புகின்றேன்.

எங்கள் பாடசாலைக்குப் பழைய மாணவர் ஒருவர் அன்பளிப்பாக அனுப்பிய கருவி அது. யப்பானிய நிறுவனமாகிய கோர்க் 1990ஆம் ஆண்டில் வெளியிட்ட வேவ்ஸ்ரேஷன் என்பது அதன் பெயர். எங்கள் சங்கீத ஆசிரியை அதனைப் பல காலம் கையாண்டு வந்தார். அவர் காலமான பின் அது உறையிடப்பட்டு ஒரு மூலையிற் கிடந்தது. வருடாந்தப் பொருட் கணக்கெடுப்பின்போது, பயன்படாத பொருள்களின் பட்டியலில் அதனையும் சேர்க்கலாமா என்று என்னைக் கேட்டனர். நானோ கலைப் பட்டதாரி, மின்னியல் கற்றவனல்லன். எனினும் ஒரு பொருளை அறியாமலே அதனைப் பயனற்றது என்று எழுதிக் கையொப்பமிட என் மனம் இடந்தரவில்லை.

முதலில் அதன் பிறப்பை அறிந்துகொண்டேன். அமெரிக்காவின் கலிபோர்ணியாவில் டேவ் ஸ்மித் என்னும் பொறியியலாளர் 1974இல் சீக்குவென்ஷியல் சேர்க்கிட்ஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். வெவ்வேறு நிறுவனங்களின் இசைக்கருவிகள் தம்முள் செய்தி பரிமாறுவதற்கான மிடி என்னும் பொதுமொழி 1983இல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு வழிகோலியவர்களுள் அவர் முதன்மையானவர். நான்கு ஒலிகளை ஒரு சிறு பிடிகோலினாற் கலக்கும் முறையை அவரது நிறுவனம் 1986இல் புரொபெற் விஎஸ் என்ற கருவியில் அமைத்தது. மறு ஆண்டு அந்நிறுவனம் மூடப்பட்டது. ஆனால் அறிவு மூடப்படவில்லை. 1989இல் அவரும் அவருடைய குழுவினர் சிலரும் கோர்க் நிறுவனத்திற் சேர்ந்தனர். அவர்களுடைய உழைப்பின் பயனே வேவ்ஸ்ரேஷன். டேவ் ஸ்மித் 2022இல் மறைந்தார்.

இனி, கருவியின் இயல்பைப் பார்ப்போம். அதில் 61 கட்டைகள் உள்ளன. ஆர்மோனியம் வாசிப்பவர் எளிதில் விரல் வைத்துவிடலாம். ஆனால் ஒலியின் தோற்றம் வேறு. மணியோசை, மனிதக் குரல், தந்தி நாதம் முதலிய பலவற்றின் அலைவடிவங்கள் எண்களாக அதனுள் பதிக்கப்பட்டிருக்கின்றன. அவற்றுள் நான்கினை எடுத்து, ஒரு சதுரத்தின் நான்கு முனைகளில் வைத்ததாக எண்ணிக்கொள்ளுங்கள். பிடிகோல் நடுவில் நிற்கும்போது நான்கும் கலந்து ஒலிக்கும். ஒரு முனையை நோக்கித் தள்ளினால் அம்முனையின் ஒலி மேலோங்கி, ஏனையவை அடங்கும். அக்கலவை தானாகவே காலத்தோடு மாறும்படியும் அமைத்து வைக்கலாம்.

இதனினும் புதுமையானது மற்றொன்று. மாலை கட்டுபவர் மல்லிகைக்குப் பின் மருக்கொழுந்து, அதன் பின் கனகாம்பரம் என்று தொடுப்பதைப் போல, அலைகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்க இக்கருவி இடந்தருகின்றது. ஒவ்வோர் அலையும் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும், எந்தச் சுருதியில் ஒலிக்க வேண்டும், அடுத்த அலையுள் மெல்லக் கரைய வேண்டுமா அன்றித் திடீரென மாற வேண்டுமா என்பவற்றையெல்லாம் நாமே விதிக்கலாம். மெல்லக் கரைந்தால் ஒலி ஆறுபோல ஓடும். திடீரென மாறினால் தாளம் பிறக்கும். ஒரே கட்டையை அழுத்தியபடி இருக்க, ஓர் இசைத்தொடரே எழுகின்றது.

இதற்கு எல்லையும் உண்டு. ஒரே நேரத்தில் 32 குரல்களே அதில் எழும். ஒரு சுரத்திற்கு நான்கு அலைகள் செலவாயின், சேர்ந்து ஒலிக்கக் கூடியவை 8 சுரங்களே. ஆதலின் எதை வைப்பது, எதை விடுவது என்று சிந்தித்தே ஒலியை ஆக்க வேண்டும்.

இக்கருவியை அறிவதற்கு நான் கண்ட வழி யாதெனில், முதலில் யாவற்றையும் நீக்கிவிடுவதே. ஆயத்தமான ஒலிகளை வரிசையாகக் கேட்டுக்கொண்டே போனால் வியப்பு மிஞ்சுமேயன்றி விளக்கம் பிறவாது. ஓர் அலையை மாத்திரம் நிறுத்தி, எதிரொலி முதலிய ஒப்பனைகளை அகற்றி, அது எழும் வேகத்தையும் அடங்கும் வேகத்தையும் மாற்றிக் கேட்க வேண்டும். பின்னர் இரண்டாவது அலை. அதன் பின்னரே பிடிகோல். ஒரு மாற்றம், ஒரு கேட்பு என்ற ஒழுங்கில் மூன்று வாரங்களில் என் செவி ஓரளவு தெளிந்தது.

அப்பொழுதுதான் ஆசிரியை ஆக்கிவைத்த ஒலிகளைக் கண்டேன். கருவியின் திரை தமிழ் அறியாது. ஆதலின் ‘மழை’ என்ற சொல்லை அவர் ஆங்கில எழுத்துக்களால் எழுதியிருந்தார். கட்டையை அழுத்தினேன். சிறு மணியோசைகள் துளித்துளியாக விழுந்து, மெல்ல நெருங்கி, நீண்ட தந்தி நாதத்துள் மறைந்தன. முன்பும் அதனைக் கேட்டிருக்கின்றேன். எங்ஙனம் கோக்கப்பட்டது என்பது அன்றுதான் விளங்கிற்று.

ஆனால் ஓர் ஆபத்து இருந்தது. தொழிற்சாலையில் நிலையாகப் பதித்த ஒலிகள் அழியா. நாம் ஆக்கிய ஒலிகளையோ, உள்ளே இருக்கும் சிறு மின்கலமே காத்து நிற்கின்றது. அது ஓய்ந்தால் அவையும் அழியும். பழுது பார்ப்பவர் வந்து, மின்கலம் முடியுந் தறுவாயில் உள்ளது என்றார். உயர்தர வகுப்பு மாணவர் இருவர் மிடி வடத்தினாற் கருவியைக் கணினியோடு இணைத்து, ஒலிகள் அனைத்தையும் படியெடுத்தனர். அதன் பின்னரே மின்கலத்தை மாற்றுவித்து, படியெடுத்தவற்றை மீண்டும் உள்ளே செலுத்தினோம்.

கைத்தொலைபேசியிலேயே ஆயிரம் ஒலிகள் கிடைக்கும்போது இப்பழைய பெட்டி எதற்கு என்று சிலர் வினவலாம். அலைகளைக் கோக்கும் இம்முறை பழமையோடு ஒழியவில்லை; 2020இல் கோர்க் நிறுவனமே இதனை விரிவுபடுத்தி வேவ்ஸ்ரேற் என்ற புதிய கருவியை வெளியிட்டது. உங்கள் இல்லத்திலோ பாடசாலையிலோ இத்தகைய பழைய கருவி இருப்பின், அதனை ஒதுக்குமுன் உள்ளிருப்பவற்றைப் படியெடுங்கள். பின்னர் ஓர் அலையிலிருந்து கேட்கத் தொடங்குங்கள்.

கணக்கெடுப்புப் பட்டியலில் எங்கள் கருவிக்கு நேரே ‘பாவனையில் உள்ளது’ என்று எழுதிக் கையொப்பமிட்டேன். இப்பொழுது புதன்கிழமைதோறும் பாடசாலை விட்டபின் மாணவர்கள் அதில் பழகுகின்றனர். அவர்கள் முதலிற் கேட்கும் ஒலி ‘மழை’.